1.6 கிலோமீட்டர் என்றார்கள், 1.4 தான் இருந்தது

என் அக்கா மகன் போய்க்கொண்டிருந்த டிஃபென்ஸ் கோச்சிங் சென்டரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடப் போவதில்லை. திருவாரூர் மாவட்டத்தில் ஒரு டவுன், கல்யாண மண்டபத்து மாடி, வாசலில் தேர்வான பையன்கள் படம் போட்ட பெரிய ஃப்ளெக்ஸ். அந்தப் பையன்களில் இரண்டு பேர் பக்கத்து ஊர் சென்டரின் ஃப்ளெக்ஸிலும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த மாடியில் படித்து உள்ளே போனார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கொரடாச்சேரியில் உரக்கடை. அதற்கு முன்னால் 15 வருடம் கடற்படை. 2001-ல் பிளஸ் டூ முடித்த கையோடு ஒடிசா சில்காவில் மாலுமிகளுக்கான அடிப்படைப் பயிற்சி, அப்புறம் லோனாவாலாவில் மெக்கானிக்கல் பயிற்சி, அப்புறம் விசாகப்பட்டினத்தில் கப்பல். என்ஜின் ரூம்தான் என் இடம். பெட்டி ஆபீசராக வெளியே வந்தேன் (பெயரில்தான் ஆபீசர், மாலுமிப் பதவிதான்), பென்ஷன் வருகிறது. இவ்வளவு இருந்தும் அத்தான் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸைப் பார்த்தார், பையனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தார். ‘நீதான் சம்பா அடியுரம் லோடு இறக்குற நேரம்னு அலையுறியே, தொந்தரவு பண்ண வேணாமேன்னு பார்த்தேன்’ என்றார். மே மாதத்தில் என்ன சம்பா என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார்.

பையன் பி.இ. மெக்கானிக்கல். 2024-ல் முடித்தான். பிறந்தது 2003 மார்ச். இந்தப் பிறந்த தேதியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் 12,000. டிராக் சூட், சென்டர் பெயர் போட்ட பனியன் இரண்டு, இதற்குத் தனியாக 1,500. ‘அக்னிவீர் எஸ்.எஸ்.ஆர். ஸ்பெஷல் பேட்ச்’ என்று ரசீதில் எழுதியிருந்தது, அதாவது பிளஸ் டூ படித்தவர்களைக் கடற்படையில் மாலுமியாக எடுக்கும் பிரிவு. கையில் கொடுத்த நோட்டீஸைப் படித்தேன். ‘15 வருட சர்வீஸ், வாழ்நாள் பென்ஷன்’ என்று அச்சடித்திருந்தார்கள். அது நான் சேர்ந்த காலத்துக் கதை. 2022 ஜூன் 14-ல் அக்னிபத் திட்டத்தை அறிவித்ததிலிருந்து மாலுமியாகச் சேர்பவர்களுக்கு நாலு வருடம்தான். அதில் அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேரை மேலே வைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் வீட்டுக்கு வர வேண்டும், பென்ஷன் கிடையாது. பழைய நோட்டீஸ் கட்டு மிச்சம் இருந்தது போல, அதையே கொடுத்துத் தீர்க்கிறார்கள்.

சரி, நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பி.டி. மாஸ்டர். ராணுவத்திலிருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். காலை ஐந்தரைக்கு விசில் ஊதினால் ஐந்தரைதான். மழை பெய்தால் எங்கள் பக்கத்துக் களிமண் திடலில் கால் வைக்க முடியாது, ஷூவோடு அரைக் கிலோ சேறு ஒட்டிக்கொண்டு வரும். அன்றைக்கும் பையன்களை விடுவதில்லை, ஆற்றங்கரை மெட்டல் ரோட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். யாரையும் வாயால் அசிங்கப்படுத்த மாட்டார். மூச்சு எப்படி விடுவது, கடைசி 300 மீட்டரில் என்ன செய்வது, முட்டி வலித்தால் எப்போது நிறுத்துவது என்று ஒவ்வொருவனாகப் பார்த்துச் சொல்வார். என் மருமகன் முதல் வாரம் வாந்தி எடுத்தான், ஆறாவது வாரம் 6 நிமிடம் 5 நொடியில் ஓடிவிட்டேன் மாமா என்று வந்து நின்றான். தேர்வில் கேட்பது 1.6 கிலோமீட்டர், 6 நிமிடம் 30 நொடி.

எனக்குச் சந்தேகம். இவன் ஓடுகிற அழகு எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைப் பையனிடம் கல்லாவைக் கொடுத்துவிட்டு, என் பழைய ஸ்ப்ளெண்டர் பைக்கை எடுத்துக்கொண்டு அவர்கள் ஓடும் பாதையில் அரச மரத்திலிருந்து மதகு வரை போய்த் திரும்பி வந்தேன். மீட்டரில் கடைசிச் சிவப்பு எண் இருக்கிறதே, அது பதினாலு தரம் மாறியது. 1.4. இரண்டாவது தடவை போனேன், அதே 1.4. பி.டி. மாஸ்டரிடம் மெதுவாகச் சொன்னேன். மனிதர் முகம் சுண்டிப் போய்விட்டது. ஆபீஸில் சொன்ன அளவை நம்பியிருக்கிறார். மறுநாளே சுண்ணாம்புக் கோட்டை மதகைத் தாண்டித் தள்ளிப் போட்டுவிட்டார். பையன் 6 நிமிடம் 58 நொடி. அந்த வாரம் சென்டரில் பாதிப் பேர் என்னோடு பேசவில்லை.

வகுப்புகள் சுமார். கணக்கும் இயற்பியலும் எடுத்தவர் நன்றாகவே எடுத்தார், ஆனால் முழுக்கத் தமிழில். தேர்வுத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், 100 கேள்வி, ஒரு மணி நேரம், கம்ப்யூட்டரில். இவர்கள் கொடுத்த மாதிரித் தேர்வு எல்லாம் ஜெராக்ஸ் பேப்பரில் பேனாவால் டிக் அடிப்பது. கம்ப்யூட்டர் இரண்டு இருந்தது, ஒன்றில் அக்கவுண்ட்ஸ், இன்னொன்றில் ஃப்ளெக்ஸ் டிசைன்.

இனி அந்தப் பிறந்த தேதி. 2024 மே மாதம் வந்த கடற்படை அக்னிவீர் அறிவிப்பில் 2003 நவம்பர் 1-க்கு முன்னால் பிறந்தவர்களுக்கு இடமில்லை. இவன் 2003 மார்ச். விண்ணப்பப் படிவமே இவனை உள்ளே விடவில்லை. பணம் வாங்கும்போது ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டார்கள், அதில் பிறந்த தேதி இருக்கிறது, ஒருவர்கூடப் பார்க்கவில்லை. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மாலுமிக்கு வயது பதினேழரையிலிருந்து 21. ஒழுங்காக ஐந்து வயதில் பள்ளியில் சேர்ந்து, எங்கும் தோற்காமல் பி.இ. முடிக்கிற பிள்ளைக்கு டிகிரி கையில் வரும்போது 21 தாண்டியிருக்கும். அதாவது பொறியியல் முடித்தவனுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். அந்தப் பேட்ச்சில் இவனைப் போல டிகிரி முடித்தவர்கள் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டுப் போனேன். மூன்று தடவை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்ற நேரத்தையும் சேர்த்தால் ஒரு முழு நாள் போயிருக்கும். 5,000 கொடுத்தார்கள். பேசும்போது நிர்வாகி சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. ‘வயசு இருக்குற பசங்களுக்கு நான் சொல்றது என்னன்னா சார், முதல்ல சிப்பாயா உள்ள பூந்துடணும். உள்ள போனா டிகிரிய வச்சு பரீட்சை எழுதி ஆபீசர் ஆயிடலாம்.’ மூன்றாம் வருடம் படிக்கிற இரண்டு பையன்கள் அங்கேயே நின்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே வழி இல்லை என்று நான் சொல்லவில்லை. என் காலத்தில் மாலுமிகள் ஆபீசர் ஆவதற்குக் கமிஷன் வொர்தி என்று ஒன்று இருந்தது, நானும் எழுதலாம் என்று நினைத்தேன். அதற்கும் கடைசியில் எஸ்.எஸ்.பி. என்கிற ஆபீசர் தேர்வு வாரியத்தின் நேர்முகத்துக்குத்தான் போக வேண்டும். டிகிரி வைத்திருப்பவன் வெளியிலிருந்தே நேராகப் போகக்கூடிய அதே எஸ்.எஸ்.பி. அதைச் சேருவதற்கு எதற்கு என்ஜின் ரூம் வழியாகச் சுற்றி வர வேண்டும்?

என்ஜின் ரூம் என்றதும் ஒரு ராத்திரி ஞாபகம் வருகிறது. நடுநிசி வாட்ச் (எங்கள் ஷிஃப்ட்), வங்காள விரிகுடா. உள்ளே வெக்கை, பாய்லர் சூட் முதுகில் ஒட்டிக்கிடக்கிறது, காதில் மஃப் போட்டிருப்பதால் எல்லாம் கைஜாடைதான். புதிதாக வந்த சப் லெப்டினன்ட், அதாவது இளம் ஆபீசர் ஒருவர் டார்ச்சோடு இறங்கி வந்தார். 23 வயது இருக்கும், மெக்கானிக்கல் பி.இ. ஒரு வால்வைக் காட்டி இது எங்கே போகிறது என்று ஜாடையில் கேட்டார். நான் பைப்பைத் தொட்டுத் தொட்டு கப்பலின் அடித்தட்டான பில்ஜ் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். குனிந்து, கையில் கிரீஸ் ஆக, தானும் தொட்டுப் பார்த்தார். நல்ல பையன். மறுநாள் காலையில் லாக் புத்தகத்தில் அவர் கையெழுத்து. அதற்குள் எனக்குப் பதின்மூன்று வருட சர்வீஸ். எனக்கு அதில் வருத்தமில்லை, நான் பிளஸ் டூ, அந்த வேலைக்குத்தான் போனேன். ஆனால் அவர் படித்த அதே படிப்பைப் படித்துவிட்டு, லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டியவன் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நிற்பது எனக்குப் பிடிக்காது. அதுவும் நாலு வருடத்துக்கு.

சம்பளத்தையும் சொல்லிவிடலாம், அத்தான் கேட்ட முதல் கேள்வி அதுதான். அக்னிவீருக்கு முதல் வருடம் மாதம் 30,000, கைக்கு வருவது 21,000. மிச்சம் சேவா நிதிக்குப் போய், அரசும் அதே அளவு போட்டு, நாலு வருடக் கடைசியில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம். பிளஸ் டூ முடித்து, அப்பாவுக்கு நாலு மா நிலம், கல்லூரிக்கு வழியில்லை என்கிற பிள்ளைக்கு இது தாராளமாகப் போகலாம், நானே அனுப்பி வைப்பேன். ஆபீசருக்கு அடிப்படைச் சம்பளமே 56,100-ல் ஆரம்பிக்கிறது, ராணுவப் பணிச் சம்பளம் 15,500 தனி. ஷார்ட் சர்வீஸ், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஆபீசர் என்றால் 14 வருடத்துக்குள் முடிந்துவிடும், அதற்கும் பென்ஷன் இல்லை என்பதையும் அத்தானிடம் மறைக்கவில்லை.

இவ்வளவும் சென்டரில் ஒரு பலகையில் எழுதி மாட்டக்கூடிய விஷயம். ஷார்ட் சர்வீஸுக்குப் பல பிரிவுகளில் 25 வயது வரை போகலாம். பி.இ.யில் 60 சதவீதம், பத்திலோ பன்னிரண்டிலோ ஆங்கிலத்தில் 60. எழுத்துத் தேர்வு இல்லை, பொறியியல் மார்க்கை வைத்தே எஸ்.எஸ்.பி.க்கு அழைப்பார்கள். கடைசி வருடம் படிக்கும்போதே போடலாம். விண்ணப்பத்துக்குக் காசும் இல்லை. காசு இல்லாததாலோ என்னவோ அங்கே யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பேசுகிறார்கள், தப்பாகச் சொல்லிவிட்டேன். எஸ்.எஸ்.பி. பேக்கேஜ் என்று 14 நாளுக்கு 35,000. செப்டம்பரில் இவன் விண்ணப்பம் போட்டுவிட்டான் என்று தெரிந்ததும் போன் வந்தது, இலவச டெமோ வகுப்புக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு மங்கலான படத்தைக் காட்டி, இதற்கு இந்தக் கதையை எழுது என்று மனப்பாடம் பண்ண வைத்தார்கள். இளம் டாக்டர், கிராமத்தில் மருத்துவ முகாம், வெள்ளம், காப்பாற்றுகிறார். முடிந்தது. எந்தப் படம் வந்தாலும் டாக்டரைக் கொண்டுவந்து சேர்த்துவிடலாமாம். 35,000-ஐ நான் கட்ட விடவில்லை.

ஜனவரியில் பெங்களூரு. தஞ்சாவூரில் மைசூர் ரயில் ஏற்றிவிட்டேன். மூன்றாவது நாள் காலை திரும்பி வந்து நின்றான், முதல் நாள் ஸ்கிரீனிங்கிலேயே வெளியே. 30 நொடி படத்தைப் பார்த்து 4 நிமிடத்தில் கதை எழுதி, அப்புறம் குழுவாக உட்கார்ந்து ஒரு பொதுக் கதைக்கு வர வேண்டும். அங்கே இவன் வாயே திறக்கவில்லையாம். ‘எல்லாரும் இங்கிலீஷ்ல ஒரே நேரத்துல கத்துறாங்க மாமா. அதுல நாலு பேர் கதையில டாக்டர் வர்றார்.’ எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவனுக்கும்தான், அழுதுகொண்டே சிரித்தான். முதல் தடவை போகிறவனுக்கு ஏ.சி. மூன்றடுக்கு ரயில் கட்டணம் தருவார்கள் என்பதால் டிக்கெட்டையும் பாஸ்புக் ஜெராக்ஸையும் பத்திரமாகக் கொடுத்தனுப்பியிருந்தேன், அந்த வகையில் நஷ்டம் இல்லை.

அடுத்த அறிவிப்புக்கும் போடுவான். யு.பி.எஸ்.சி. முப்படை ஆபீசர்களுக்கு நடத்தும் சி.டி.எஸ். தேர்வு வழியாகவும் கேரளத்தில் எழிமலை கடற்படை அகாடமிக்குப் போகலாம், அதில் பொறியியல் டிகிரி வேண்டும், கிடைத்தால் நிரந்தர கமிஷன், அதாவது நிரந்தர ஆபீசர் பதவி. அதற்குக் கணக்கைப் படிக்க ஆரம்பித்திருக்கிறான். பேச்சுக்கு நான் ஒரு வேலை செய்தேன். கடையில் சாயந்திரம் உட்கார வைத்துவிட்டேன். யூரியா இல்லை என்று பத்து விவசாயியிடம் கோபம் வராமல் சொல்லிப் பார்க்கட்டும், குழு விவாதம் தானாக வரும்.

சென்டருக்கு ஐந்துக்கு இரண்டு போடுகிறேன், அதில் ஒன்றரை பி.டி. மாஸ்டருக்கு. இப்போது அவரிடம் மட்டும் மாதம் 500 கொடுத்து காலை ஓட்டத்துக்குப் போகிறான், ஆபீஸ் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. போன வாரம் 6 நிமிடம் 21 நொடி. வெண்ணாற்றங்கரையில், என் ஸ்ப்ளெண்டர் மீட்டரில் நானே அளந்து கல் நட்ட 1.6.