பிளகின் வேறு, எக்ஸ்டென்ஷன் வேறு

போன கிழமை பக்கத்து வீட்டுத் தம்பி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணை, பிளாஷ் பிளகின் அப்டேற் பண்ணச் சொல்லி நிக்குது, பண்ணட்டோ?" திரையில் பழைய சிவப்புப் பிளாஷ் சின்னம், கீழே பெரிய பச்சைப் பொத்தான். தொடாமல் மூடச் சொன்னேன். பிறவுசரில் வீடியோவும் விளையாட்டும் ஓட்டிய பிளாஷ் பிளேயரை அடோபி நிறுவனம் 2020 டிசெம்பர் 31உடன் கைவிட்டுவிட்டது. இல்லாத சாமானுக்கு அப்டேற் எங்கிருந்து வரும்? இன்றைக்கு அப்படிக் கேட்கிற பக்கம் எதுவானாலும் களவுதான்.

அடுத்ததாக, "அப்ப குறோமில இருக்கிற மற்றப் பிளகினுகளையும் அழிக்கவோ?" என்றான். அவனிடம் இருந்தவை எல்லாம் எக்ஸ்டென்ஷன்கள். தமிழிலும் பிளகினுக்குச் செருகுநிரல், எக்ஸ்டென்ஷனுக்கு நீட்சி என்று இரண்டு சொல் இருக்கிறது, ஆனாலும் பேச்சில் எல்லாவற்றையும் பிளகின் என்றே சொல்லிவிடுகிறோம்.

பிளகின் என்பது பிறவுசரோடு செருகி ஓடுகிற, ஆனால் தனியாக எழுதப்பட்ட வேறொரு மென்பொருள். கலியாண வீட்டு வாசலில் வாடகைக்கு நிறுத்துகிற ஜெனரேற்றர் மாதிரி, வயர் மட்டும் வீட்டுக்குள் வரும், எஞ்சின் அதனுடையது. 1990களின் நடுவில், நெற்ஸ்கேப் என்ற பழைய பிறவுசரின் காலத்தில், பிறவுசருக்கு வீடியோ ஓட்டவும் தெரியாது, பீடிஎஃப் திறக்கவும் தெரியாது. அதனால் பக்கத்தில் ஒரு சதுரத்தைப் பிளகினிடம் கொடுத்துவிடும், உள்ளே நடப்பது பிளகினின் பாடு. நெற் கஃபேயில் சாதாரண தரப் பழைய வினாத்தாள் ஒன்றைச் சொடுக்கிவிட்டு, பீடிஎஃப் பிளகின் எழும்பும்வரை முழுப் பிறவுசரும் அசையாமல் நிற்க, மணித்தியாலக் காசு ஏறுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்களுக்கு இது விளங்கும். விண்டோசுக்கு ஒன்று, லினக்சுக்கு வேறொன்று என்று தனித்தனியாக எழுதவும் வேண்டும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை பாதுகாப்பு. கணினியில் நிறுவிய மற்ற மென்பொருளுக்கு உள்ள அதே கைநீளம் பிளகினுக்கும் இருந்தது. பிளாஷிலோ ஜாவாவிலோ ஒரு ஓட்டை வந்தால் உங்கள் கணினியே போச்சு. குறோம் 2015 செப்ரெம்பரில் பழைய முறைப் பிளகின்களை முழுதாக நிறுத்தியது, ஃபயர்பொக்ஸ் 2017 மார்ச்சில் பிளாஷ் தவிர மற்றவற்றை நிறுத்தியது. வீடியோவையும் பீடிஎஃபையும் பிறவுசரே பார்த்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு தேவையும் இல்லாமல் போனது.

எக்ஸ்டென்ஷன் வீட்டோடு சேர்த்துப் பத்தி இறக்குவது போல. வலைப்பக்கம் எழுதுகிற அதே எச்ரிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ற் கொண்டே எழுதப்படுகிறது, பிறவுசர் திறந்துவிட்ட அளவுக்குத்தான் கை நீட்டும். பிளகினைக் கூப்பிடுவது பக்கம், எக்ஸ்டென்ஷனைப் போடுவது நீங்கள். பாமினி எழுத்துருவில் கிடக்கும் பழைய தளத்தை யூனிகோட்டாக மாற்றிக் காட்ட, விளம்பரத்தை மறைக்க, கடவுச்சொல்லை நிரப்ப எக்ஸ்டென்ஷன்தான் சரி. (இணையத்தளம் கட்டப் பாவிக்கிற வேர்ட்பிரஸின் பிளகின் வேறு கதை, அது தளத்தின் சேர்வரில் ஓடுகிறது.)

என்னைக் கேட்டால் எக்ஸ்டென்ஷன் எவ்வளவோ மேல். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். வலைப்பக்கத்தில் பிளகின் காட்டியது தன் சதுரத்துக்குள்தான், எக்ஸ்டென்ஷனுக்கு "எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்" அனுமதி கொடுத்தால் வங்கிப் பக்கமும் அதற்குள் அடங்கும். கிரேட் சஸ்பெண்டர் என்று பலரும் நம்பிப் பாவித்த எக்ஸ்டென்ஷன் 2020இல் கைமாறியது. 2021 பெப்ரவரியில் தீநிரல் இருக்கிறதென்று கூகிள் அதை நீக்கியது. நீங்கள் போட்டபோது நல்லதாக இருந்தது, பிறகு வேறு ஆளின் கைக்குப் போய்விட்டது. இதைத்தான் தம்பிக்கு இரண்டு தரம் சொன்னேன்.

அவனுடைய குறோமில் ஏழு இருந்தன. ஒன்றொன்றாக அனுமதியைத் திறந்து பார்த்தோம். விளம்பரத் தடுப்பானுக்கு எல்லாப் பக்கமும் தேவை, அது நிற்கட்டும் என்றேன். மழை வருமா என்று காட்டுகிற ஒன்றும் அதே அனுமதியை வைத்திருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை, தானாகவே அழித்தான்.