மக்கிந்தோஷா, போரிங்கா? தெலுக் இந்தான் மண்ணில் வீடு கட்டுமுன்

மலேசியாவின் தெலுக் இந்தானில் 1885-இல் கட்டப்பட்ட கோபுரம், உச்சியிலிருந்த தண்ணீர்த் தொட்டியின் பாரத்தை அடியிலிருந்த இளகிய மண் தாங்காததால் சாய்ந்து நிற்கிறது. அதைத் தினமும் பார்க்கும் நம்மவர்களில் பலரும், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி நிலம் வாங்கி வீடு கட்டும்போது மண் பரிசோதனைச் செலவைத்தான் முதலில் குறைக்கிறார்கள்.

மலிவான வழி மக்கிந்தோஷ் ப்ரோப், அதாவது மண்ணுக்குள் ஒரு கம்பியை அடித்து இறக்கிப் பார்ப்பது. ஏறத்தாழ 5 கிலோ எடையைக் கையால் தூக்கிவிட்டு, கம்பி 300 மில்லிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுகிறது என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கை 400-ஐத் தொட்டாலோ கம்பி 15 மீட்டர் ஆழம் போனாலோ நிறுத்திவிடுவார்கள். ஒரே நாளில் நிலத்தின் பல மூலைகளையும் பார்த்துவிடலாம் என்பது இதன் பெரிய பலம். ஆனால் கம்பி மண்ணை மேலே கொண்டுவராது. மறுநடவின்போது புதைந்துபோன மரத்துண்டில் முட்டினாலும் கெட்டித்தரை வந்துவிட்டதைப் போலவே எண்ணிக்கை ஏறும்.

போரிங், அதாவது இயந்திரத்தால் துளையிட்டு மண்ணை மேலே எடுத்துப் பார்ப்பது, செலவு கூடியது. இயந்திரம் வர வழியும் வேண்டும். இதில் 63.5 கிலோ சுத்தியல் 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்து குழாயை இறக்கும்; அந்த அடிகளையும் எண்ணுவார்கள். மேலே வந்த குழாயைப் பிளந்தால், சாம்பல் நிறக் களிமண்ணும் அதில் சிப்பித் துணுக்குகளும் கண்ணுக்கு முன்னே கிடக்கும். அது பழைய கடற்சேறு என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அவ்வளவு இளகிய களியில் குழாய் சுத்தியலின் பாரத்திலேயே இறங்கி எண்ணிக்கை பூஜ்யமாகிவிடுவதால், துளைக்குள் துடுப்பைத் திருகிக் களியின் வலுவைப் பார்க்கும் வேன் சோதனையையும் சேர்த்தே கேட்க வேண்டும். நிலத்தை உயர்த்த ஒரு மீட்டர் செம்மண் கொட்டினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1.8 டன் பாரம் ஏறும். அந்தப் பாரத்தில் களி எவ்வளவு அமுங்கும், எத்தனை ஆண்டுகள் அமுங்கிக்கொண்டே இருக்கும் என்பதை, கலையாமல் எடுத்த மண்ணைச் சோதனைக்கூடத்தில் பார்த்துத்தான் கணக்கிட முடியும்.

நிலத்தடி நீரில்தான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ப்ரோப் நீர்மட்டத்தைச் சொல்லாது. போரிங்கிலும், துளையிடும்போது தண்ணீர் விடுவதால் அன்று மாலை துளையில் தெரியும் மட்டம் நம்பத்தக்கதல்ல; பக்கங்களில் துளையுள்ள குழாய் ஒன்றை அதில் பதித்து நாள்கணக்கில் அளந்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். பாக்காவ் எனும் அலையாத்தி மரக்கம்பு இறக்கி அஸ்திவாரம் போட நினைப்பவர்களுக்கு இந்த அளவு உயிர்நாடி, ஏனெனில் எப்போதும் நீருக்குள் இருக்கும் கம்பு நெடுநாள் நிற்கும், மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் உள்ள தலைப்பகுதியோ உளுத்துவிடும். பக்கத்துத் தோட்டத்தில் வாய்க்காலை ஆழப்படுத்தினால் உங்கள் நிலத்து நீரும் இறங்கக்கூடும்.

ஆகவே இந்த மண்ணில் ப்ரோப்பை மட்டும் நம்பி வீடு கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். முதலில் கெட்டித்தரை வரை ஒரு போரிங், பிறகு மற்ற மூலைகளை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க ப்ரோப் என்பதே என் தேர்வு. போரிங் முடிந்ததும் நீர்மட்டம் பார்க்கும் குழாயை அடைத்துவிடச் சொல்லாமல், வறண்ட மாதத்தில் ஒருமுறையும் ஆண்டிறுதி மழையில் ஒருமுறையும் மட்டத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மேல்வாயில் மட்டும் மூடி இருக்கட்டும், மழைநீர் நேரே உள்ளே இறங்கினால் அந்த அளவு பயன்படாது.