குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்: மனைவிக்கா, கணவனுக்கா?

இரண்டு பிள்ளைகள் போதும் என்று முடிவான வீட்டில், ஆபரேஷன் யாருக்கு என்ற கேள்வியே பெரும்பாலும் எழுவதில்லை. பிரசவ வார்டிலேயே மனைவிக்குச் செய்து அனுப்பிவிடுகிறார்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது வெறும் 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்களின் கணக்கு 57.8 சதவீதம். இரண்டு ஆபரேஷன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த நிலைமைக்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடைக்காது.

பெண்ணின் கருக்குழாய்கள் வயிற்றுக்குள் இருக்கின்றன. அவற்றைத் தொட வயிற்றைத் திறந்தே ஆக வேண்டும். பிரசவமான ஒரு வாரத்துக்குள் என்றால் தொப்புளுக்குக் கீழே சிறிதாகக் கீறிச் செய்வார்கள். லேப்ராஸ்கோபி என்றால் வயிற்றுக்குள் வாயு செலுத்தி, கருவியை நுழைத்து, குழாயை மடித்து வளையம் மாட்டுவார்கள். குடல், சிறுநீர்ப்பை, ரத்தக்குழாய் ஆகியவற்றில் காயம் படுவதும், மயக்க மருந்தால் சிக்கல் வருவதும் அபூர்வம். ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஒரே முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். இப்படி அவசர அவசரமாக நடத்தும் முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது.

ஆணின் விந்துக்குழாயோ விதைப்பையின் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. விரலால் உருட்டிப் பார்க்கலாம். லிக்னோகெய்ன் மரப்பு ஊசி போட்டு, வளைய முனை உள்ள இடுக்கியால் குழாயைத் தோலோடு பிடித்துக்கொள்வார்கள். கூர்முனை இடுக்கியால் தோலில் ஒரு துளை போட்டு விரித்து, குழாயை வெளியே எடுத்து, சிறு துண்டை வெட்டி, இரு முனைகளையும் கட்டுவார்கள். ஒரு முனையை மட்டும் அதைச் சுற்றியுள்ள திசு உறைக்குள் தள்ளி மூடிவிட்டால் முனைகள் மறுபடி ஒட்டும் வாய்ப்பு நன்றாகக் குறையும். பெரும்பாலும் அதே துளை வழியாகவே மறுபக்கக் குழாயையும் முடித்துவிடலாம். கத்தி இல்லை, தையல் இல்லை. இருபது நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். சீனாவின் சிச்சுவானில் டாக்டர் லி ஷுன்சியாங் 1974-ல் உருவாக்கிய இந்த முறையைத்தான் நம் அரசு மருத்துவமனைகளில் தழும்பில்லாத நவீன வாசக்டமி (ஆணுக்கான கருத்தடை ஆபரேஷன்) என்கிறார்கள்.

முதல் ஆண்டில் தோல்வி, பெண்ணுக்கான ஆபரேஷனில் ஆயிரத்துக்கு ஐந்து. வாசக்டமியில் ஆயிரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. பெண்ணுக்குச் செய்தது தோற்றால் கரு குழாயிலேயே தங்கிவிடும் அபாயம் கூடுதல். வாசக்டமி தோற்றால் அந்தக் கூடுதல் அபாயம் கிடையாது.

அந்த மூன்று மாதம்

வாசக்டமி பின்தங்கும் இடம் ஒன்று உண்டு. பெண்ணுக்குச் செய்தது உடனே பலன் தரும்; ஆணுக்குச் செய்தது தராது. வெட்டிய இடத்தைத் தாண்டி ஏற்கெனவே போய்விட்ட விந்தணுக்கள் வெளியேற ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறையோ வேறு முறையோ கட்டாயம். அதன் பிறகு விந்துப் பரிசோதனை செய்து, ‘விந்தணு இல்லை’ என்று அறிக்கை வந்த பிறகுதான் வேறு முறையை நிறுத்தலாம்.

வாசக்டமி செய்தும் கர்ப்பம் என்று வருகிறவர்களில் பலர் சறுக்குவது இங்கேதான். மூன்றாவது வாரத்திலேயே ஆணுறையை விட்டுவிடுவார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு பரிசோதனைக்கே போகாதவர்கள் அதைவிட அதிகம். மாதிரியை லேப்பில்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. அவர்கள் தரும் சுத்தமான டப்பாவில் வீட்டிலேயே எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். கடையில் விற்கும் ஆணுறைக்குள் எடுக்கக் கூடாது. அதன் பூச்சு விந்தணுவைப் பாதிக்கும். நகரும் விந்தணு இன்னும் தெரிந்தால், சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் நின்றபாடில்லை என்றால் ஆபரேஷனைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அபூர்வமாக, வெட்டிய குழாய் தானே சேர்ந்துகொள்வதும் உண்டு. ஆகவே மனைவி கருவுற்றால் முதலில் செய்ய வேண்டியது கணவனின் விந்துப் பரிசோதனை. அது தெரியாமல் அவள்மேல் பழி போட்டுக் குடும்பத்தை உடைப்பது பெரும் கொடுமை.

ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் ஓய்வு. இறுக்கமான உள்ளாடை, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம். ஒரு வாரம் சைக்கிள் மிதிப்பது, மூட்டை தூக்குவது கூடாது. மறுநாளே வேலைக்குக் கிளம்புகிறவருக்கு விதைப்பையில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு கூடும். வீக்கம் பெருகிக்கொண்டே போனாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நூற்றில் ஓரிருவருக்கு விதையில் வலி மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. இதைச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும்.

சிசேரியன் விஷயத்தை மறைக்காமல் பேச வேண்டும். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். வயிறு ஏற்கெனவே திறந்திருக்கும்போது கருக்குழாயைக் கட்டச் சில நிமிடம்தான் ஆகும். அந்தச் சூழலில் பெண்ணுக்குச் செய்வதை மோசமான தேர்வு என்று சொல்ல முடியாது, அவள் முன்கூட்டியே நிதானமாக யோசித்துச் சம்மதித்திருந்தால். பிரசவ வலியில் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல மாட்டோம். சுகப்பிரசவம் என்றால் நிலைமையே வேறு: மனைவி இரண்டாவது முறை கருவுற்றிருக்கும்போதே கணவன் வாசக்டமி செய்துகொண்டால், அந்த மூன்று மாதமும் பரிசோதனையும் குழந்தை பிறப்பதற்குள் முடிந்துவிடும். இன்னொரு குழந்தை வேண்டாம் என்பதில் அசையாத உறுதி இருப்பவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

‘பலம் போய்விடும்’ என்ற பயத்துக்கு உடலில் ஆதாரம் இல்லை. ஆண் ஹார்மோன் விதையிலிருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. விந்துக்குழாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. விந்து திரவத்தில் விந்தணுவின் பங்கு ஐந்து சதவீதம்கூட இல்லை என்பதால் அளவிலும் வித்தியாசம் தெரியாது. பயத்துக்கு வரலாற்றில்தான் காரணம் இருக்கிறது. 1971 ஜூலையில் எர்ணாகுளம் முகாமில் மட்டும் 63,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் வாசக்டமி செய்துகொண்டார்கள். பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976–77-ல் ஏறக்குறைய 62 லட்சம் ஆண்களுக்கு, பலரை வற்புறுத்தி, இதைச் செய்தார்கள். அந்த வடு ஆறவில்லை. சுமை முழுக்கப் பெண்கள்மேல் விழுந்தது.

அரசு விதிப்படி வாசக்டமி செய்துகொள்பவர் மணமானவராக, 60 வயதுக்கு உட்பட்டவராக, ஒரு வயது கடந்த குழந்தை ஒன்றாவது உள்ளவராக இருக்க வேண்டும். மனைவியின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. ஊக்கத்தொகை பெண்ணுக்குத் தருவதைவிட ஆணுக்கு அதிகம். ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை இதற்கென இருவார முகாம் நடக்கும். குழாயைத் திரும்ப இணைக்க முடியும் என்றாலும் அதை நம்பி இறங்க வேண்டாம். மூன்றாண்டுக்குள் இணைத்தவர்களில் 76 சதவீதத்தினருக்குக் கர்ப்பம் தரித்ததாகவும், 15 ஆண்டு கடந்தவர்களில் அது 30 சதவீதமாகக் குறைந்ததாகவும் 1991-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

இன்னும் பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு

இவர்களுக்கு ஆண் பக்கம் இருப்பது இரண்டே வழி. விந்து வருமுன் வெளியே எடுத்துவிடும் முறையில் ஆண்டுக்கு நூறில் இருபது பேர் கருவுறுகிறார்கள். ஆணுறையில் நடைமுறையில் பதின்மூன்று. ஒவ்வொரு முறையும் சரியாகப் போட்டால் இரண்டு. அந்தப் பதின்மூன்றையும் இரண்டையும் பிரிப்பது பழக்கம்தான். பாதியில் போடுவது, நுனியில் காற்றை அழுத்தி எடுக்காமல் விடுவது, முடிந்ததும் அடிவளையத்தைப் பிடிக்காமல் வெளியே எடுப்பது, பர்ஸில் மாதக்கணக்கில் வைத்திருப்பது என்று ஒவ்வொன்றும் கிழிசலுக்கோ கசிவுக்கோ வழி. தலைகீழாக வைத்துவிட்டால் திருப்பிப் போடாமல் புதிதாக ஒன்றை எடுக்க வேண்டும். நம் வீடுகளில் நடக்கும் இன்னொரு பெரிய தவறு தேங்காய் எண்ணெய். எந்த எண்ணெயும் ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பரைச் சில நிமிடங்களில் வலுவிழக்கச் செய்யும். நீர் சார்ந்த ஜெல் மட்டுமே பாதுகாப்பு.

கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற அவசரக் கருத்தடை மாத்திரையை மனைவி சாப்பிட வேண்டும்; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகளில் இது கிடைப்பதில்லை. ஐந்து நாளுக்குள் காப்பர் டி போட்டுக்கொள்வது அதைவிட உறுதியான வழி. இரண்டுமே பெண்ணின் உடலில்தான் போய் முடிகின்றன. ஆணுறையை ஆண் ஒழுங்காகப் போடாததன் விலை அது.

புதிய வழிகளில் நம் நாட்டுக்குச் சொந்தமானது ரிசுக். ஐ.ஐ.டி. காரக்பூரின் சுஜய் குஹா உருவாக்கியது. விந்துக்குழாய்க்குள் ஊசியால் ஒரு பாலிமரைச் செலுத்துவார்கள். 303 ஆண்களிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் கர்ப்பத் தடுப்பு 99 சதவீதம். அமெரிக்காவில் உருவாகிவரும் இன்னொன்று, தோளில் தினமும் பூசும் ஹார்மோன் ஜெல். ஆனால் இவை சந்தைக்கு வரட்டும் என்று காத்திருக்கும் காலத்துக்கும் ஒரு முறை தேவை. அது ஆணுறை என்றால், வாங்கி வைப்பதும் காலாவதித் தேதி பார்ப்பதும் கணவனின் வேலை.