பச்சை விளக்கை மஞ்சளாக்கச் சொல்பவரோடு பறக்க வேண்டாம்

ஈவ் ஆன்லைன் என்னும் விண்வெளி இணைய விளையாட்டில் புதிதாகச் சேர்ந்து, சக வீரர்களின் கப்பல்களைச் சண்டைக்கு நடுவே பழுதுபார்க்கும் லாஜிஸ்டிக்ஸ் ஃபிரிகேட் என்னும் சிறு கப்பலை ஓட்ட விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேண்டம், பர்ஸ்ட், நாவிடாஸ், இன்குவிசிட்டர் ஆகிய நான்கும் விலை மலிவானவை. நீண்ட பயிற்சி இல்லாதவரும் அவற்றைக் கொண்டு அனுபவசாலிகளின் அணிக்கு உண்மையாகவே உதவ முடியும். உதவ வேண்டும் என்னும் அந்த ஆர்வத்தைத்தான் சிலர் குறிவைக்கிறார்கள்.

ஒரு கார்ப்பரேஷனுக்கு, அதாவது வீரர்கள் நடத்தும் குழுவுக்கு, ஆள் சேர்ப்பவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் என்னைத் தேடி வந்து பேசினார். பிறர் கப்பலின் கவசத்தைப் பழுதுபார்க்க பேண்டமுக்கு வேண்டிய ரிமோட் ஷீல்டு பூஸ்டர்களை அவரே கொடுத்தார். கப்பல் அழிந்தால் ஈடு கிடைக்கும் என்றும் உறுதியளித்தார். ஆனால் கார்ப்பரேஷனில் சேர்க்காமல் ஃபிளீட் என்னும் தற்காலிக அணியில் மட்டும் சேர்த்துக்கொண்டு, தொடக்க வீரர்களுக்குரிய சூரிய மண்டலத்திலிருந்து வேறொரு மண்டலத்துக்கு அழைத்துச் சென்றார். தொடக்க மண்டலங்களில் புதியவர்களை இப்படிச் சிக்கவைப்பதை விளையாட்டை நடத்தும் சிசிபி நிறுவனம் தடை செய்திருக்கிறது என்பதால், முதலில் அங்கிருந்து வெளியே கூட்டிச் செல்வது இவர்கள் வழக்கம்.

அங்கே அவருடைய நண்பர் ஒருவர் சண்டையில் இருந்தார். அவருக்கு நான் பழுதுபார்க்க முயன்றபோது கருவி இயங்கவில்லை. திரையில் கப்பலின் மின்னாற்றலைக் காட்டும் கப்பாசிட்டர் வட்டத்தின் அருகே, சட்டமீறலைத் தடுப்பதற்காக உள்ள பாதுகாப்பு விளக்கைப் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றினால் சரியாகிவிடும், எல்லா லாஜிஸ்டிக்ஸ் வீரர்களும் அப்படித்தான் வைத்திருப்பார்கள் என்று என்னை அழைத்து வந்தவர் அவசரப்படுத்தினார். இது முழுப் பொய். அந்த நண்பர் ஏற்கெனவே சஸ்பெக்ட், அதாவது சட்டத்தை மீறிய சந்தேக நபர், என்று குறிக்கப்பட்டிருந்தார். அப்படிப்பட்டவருக்கு உதவுபவரும் 15 நிமிடங்களுக்குச் சஸ்பெக்ட் ஆகிவிடுகிறார். அந்த நேரத்தில் அவரை யார் வேண்டுமானாலும் சுடலாம், காவல்படையான கான்கார்ட் தலையிடாது. மேலும், உதவி பெறுபவருக்கு, ஆயுதம் பயன்படுத்தியதும் தொடங்கும் ஆயுதத் தடைக்காலம் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் உதவுபவரைத் தொற்றிக்கொள்வதால், 60 விநாடிகளுக்கு நிலையத்துக்குள் நுழையவோ மண்டலங்களை இணைக்கும் வாயில் வழியாகத் தப்பவோ முடியாது. அருகில் காத்திருந்த இருவர் என் பேண்டமை அழித்தார்கள். கப்பல் அழிந்ததும் நான் தப்பிய காப்ஸ்யூலையும் சட்டப்படியே சுட்டதால், திறன் கூட்ட என் வீரருக்குப் பொருத்தியிருந்த இம்பிளாண்ட்டுகளும் போயின. ஈடு தருவதாகச் சொன்னவர் ஃபிளீட்டைக் கலைத்துவிட்டு, என் செய்திகளையும் தடுத்துவிட்டார்.

விளையாட்டுக்குள் நடக்கும் வஞ்சகத்தைப் பெரும்பாலும் சிசிபி அனுமதிப்பதால், தொடக்க மண்டலத்துக்கு வெளியே இழந்தது திரும்பி வரும் என்று எண்ண வேண்டாம். பாதுகாப்பு அளவு 0.5-உம் அதற்கு மேலும் உள்ள பகுதியில் பழுதுபார்க்கும் கருவி பச்சை விளக்கில் இயங்க மறுத்தால், எதிரில் இருப்பவருக்கு உதவுவது உங்களையும் சஸ்பெக்ட் போன்ற குறிக்குள்ளாக்கும் என்று பொருள். போர் அறிவித்திருக்கும் கார்ப்பரேஷனுக்கு உங்கள் உதவி மெய்யாகவே தேவையென்றால், உங்களை முறைப்படி உறுப்பினராக்கிக்கொள்ளும். அப்போது அந்தப் போரில் சக உறுப்பினருக்குப் பழுதுபார்க்க விளக்கை மாற்ற வேண்டியிருக்காது. வெளியாளாகவே வைத்திருந்து விளக்கை மட்டும் மாற்றச் சொல்பவரிடமிருந்து அந்த நொடியே விலகுங்கள்.

ஏற்கெனவே மாற்றிக் குறி விழுந்துவிட்டதென்றால், கருவியை உடனே நிறுத்தி, தொலைவிலுள்ள ஏதேனும் ஒரு கோளுக்கு வார்ப் செய்து (அதிவேகமாகப் பாய்ந்து), ஆயுதத் தடைக்காலம் முடிந்ததும் நிலையத்துக்குள் நுழைந்து 15 நிமிடங்களும் கழியும்வரை வெளியே வராமல் இருங்கள்.