பில்லில் ஷாஃப்ட் நீளம் எழுதாமல் அவுட்போர்டு வாங்காதீர்கள்

மலையில் படகு வைத்திருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். படகின் பின்னால் மாட்டும் புது அவுட்போர்டு இன்ஜின் அலறுகிறது, ஆனால் படகு நகரவில்லை. கடைக்காரரைக் கேட்டால் "மலை மேல காத்து கம்மிங்க" என்பார். அதை நம்பி மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எங்களிடம் அப்படிச் சொல்லித்தான் இரண்டாம் முறையும் பணம் வாங்கினார்கள்.

ஊட்டிக்குப் பக்கத்தில் நானும் தம்பியும் சின்னதாக ஒரு தங்கும் விடுதி நடத்துகிறோம். அதுதான் எங்கள் பிழைப்பு. நிலத்துக்குள் பழைய எஸ்டேட் ஏரி ஒன்று இருக்கிறது. விருந்தினருக்குப் பெடல் படகு விடுகிறோம். நடு ஏரியில் யாராவது கவிழ்ந்தால் உடனே போய்ச் சேர மோட்டார் படகு இருந்தே ஆக வேண்டும். இந்தக் குளிர்த் தண்ணீரில் நீச்சல் தெரிந்தவருக்கே சீக்கிரம் கைகால் விறைத்துவிடும். அதற்காகத்தான் கோயம்புத்தூரில் ஒரு கடையில் ஃபைபர் படகும் 9.9 குதிரைத்திறன் இன்ஜினும் ஒரே செட்டாக வாங்கினோம்.

கொட்டேஷனில் 'லாங் ஷாஃப்ட்' என்று இருந்தது, அதாவது பின்பலகையிலிருந்து புரொப்பல்லர் வரை இறங்கும் கால் நீளமான இன்ஜின். பில்லில் குதிரைத்திறன் மட்டும்தான். வந்த ஆள் இன்ஜினைப் பின்பலகையில் மாட்டி, கிளாம்ப்பை முறுக்கி, கரையோரம் மெதுவாக ஓட்டிக் காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அப்புறம்தான் தொல்லை. திராட்டிலைக் கூட்டினால் இன்ஜின் வீறிடும், படகு அப்படியே நிற்கும். திருப்பும்போது பின்னால் வெள்ளையாக நுரை கொதிக்கும். இன்ஜின் பக்கவாட்டில் கம்பி போலப் பீய்ச்ச வேண்டிய குளிரூட்டும் தண்ணீர் விட்டுவிட்டுத் தெறிக்கும். கடைக்குப் போன் செய்தால், "மலைக்கு வேற புரொப்பல்லர் போடணும் சார், பிட்ச் கம்மியா" என்று ஒன்றை அனுப்பி அதற்குத் தனியாகப் பணம். பிட்ச் என்றால் அந்த விசிறி ஒரு சுற்றுக்குத் தண்ணீரில் முன்னேறும் தூரம். அதைப் போட்டதும் அலறல் இன்னும் கூடியது. கடைசியில் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கருகிப் போனது.

மலைக் காற்று விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் ஏமாறுகிறோம். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு 3 சதவீதம் வீதம் இன்ஜின் சக்தி குறையும். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கார்புரேட்டர் இன்ஜினாக இருந்தால் பெட்ரோல் அதிகமாகி பிளக்கில் கரி பிடிக்கும், பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைச் சின்னதாகப் போட வேண்டிவரும். இதெல்லாம் சரி. ஆனால் காற்றுக் குறைந்தால் இன்ஜின் திணறும், முழு திராட்டிலிலும் இன்ஜின் சுற்றும் வேகமான ஆர்.பி.எம். ஏறாது. அதற்குத்தான் பிட்ச் குறைந்த புரொப்பல்லர் மருந்து. வேகம் இல்லாமல் ஆர்.பி.எம். மட்டும் எகிறுகிறது என்றால் பெரும்பாலும் புரொப்பல்லர் தண்ணீரோடு காற்றையும் இழுக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் பிட்ச் குறைத்தால் இன்னும் எகிறத்தான் செய்யும். இன்ஜின் விற்கிற கடைக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

விடுதியில் தங்க வந்த தூத்துக்குடிக்காரர் ஒருவர்தான் கண்டுபிடித்தார். ஃபைபர் வள்ளம் வைத்துத் தொழில் செய்பவர். படகைக் கரையில் ஏற்றச் சொன்னார். நேரான ரீப்பர் கட்டை ஒன்றைப் படகின் அடியோடு ஒட்டிப் பிடித்துப் பின்பக்கம் நீட்டினார். புரொப்பல்லருக்கு மேலே இறக்கை போல ஒரு தட்டு இருக்கும், கேவிட்டேஷன் பிளேட் என்பார்கள். அது கட்டைக்கு ஐந்து அங்குலம் மேலே நின்றது. "அண்ணாச்சி, இன்ஜின்ல ஒரு கோளாறும் இல்ல. காலு எட்டல, அவ்வளவுதான்" என்றார்.

பின்பலகை 20 அங்குலம். அதற்கு 20 அங்குல லாங் ஷாஃப்ட் வேண்டும். எங்களுக்கு மாட்டியிருந்தது 15 அங்குல ஷார்ட் ஷாஃப்ட். படகு நிற்கும்போது புரொப்பல்லர் முழுகித்தான் இருக்கும், அதனால் கரையோர ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. வேகம் எடுத்ததும் பின்பலகைக்குப் பின்னால் தண்ணீர் பள்ளமாகிறது, காற்று உள்ளே வருகிறது. தண்ணீர் உறிஞ்சும் துளையும் அங்கேயே இருப்பதால் பம்பும் காய்கிறது.

வாங்கும் முன் நீங்களே அளந்துவிடலாம். பின்பலகையின் நடுவில், மேல் விளிம்பிலிருந்து படகின் அடிவரை நேர்க்குத்தாக ஓர் அளவு. இன்ஜினில், பலகைமேல் உட்காரும் இடத்திலிருந்து அந்த பிளேட் வரை இன்னோர் அளவு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். பிளேட் படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலத்துக்குள் கீழேயோ இருந்தால் ஆரம்பிக்க நல்ல இடம். பிறகு வழக்கமான ஆட்களை ஏற்றி முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்து, முக்கால் அங்குலம், அரை அங்குலமாக மாற்றிக்கொள்ளலாம். மிகவும் கீழே இறங்கினாலும் கெடுதல்தான்: தண்ணீர் பின்னால் வாரியடிக்கும், திருப்பக் கனக்கும், வேகம் குறையும், பெட்ரோல் தின்னும். முழு வேகத்தில் எட்டிப் பார்த்தால் பிளேட்டின் மேல் மெல்லிய தண்ணீர்தான் ஓட வேண்டும்.

கடையில் இதையெல்லாம் காட்டியதற்கு, "பின்பலகைய அஞ்சு இஞ்ச் வெட்டிருங்க" என்றார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. காப்பாற்றப் போகும் படகின் பின்பக்கத்தை அவ்வளவு தாழ்த்தினால், ஒருவரைத் தூக்கி ஏற்றும்போதே தண்ணீர் உள்ளே வந்துவிடும். வெட்டவில்லை. பெடல் படகுகளையும் கட்டிப்போட்டு வைத்திருக்கிறோம்.

இன்ஜினை மாற்றித் தர மறுத்ததால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்குப் புகார் செல்லாது என்று எதிர்த் தரப்பு சொல்லக்கூடும். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு அதில் விலக்கு இருக்கிறது. 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் கேட்கலாம். கொட்டேஷன், பில், வாட்ஸாப்பில் பேசியது எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். அளவுநாடாவை வைத்துப் படம் எடுப்பதை இன்ஜினைக் கழற்றும் முன்பே செய்துவிடுங்கள். கழற்றிய பிறகு எந்த உயரத்தில் மாட்டினார்கள் என்பதற்கு அவர்கள் வாய்ச்சொல்தான் மிஞ்சும்.