அண்ணனுக்குச் சாவி வாங்கிக் கொடுத்த சேவை: நாலு நட்சத்திரம்

வீடில்லாதவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் இந்தச் சேவையைப் பயன்படுத்தியது நான் இல்லை, என் அண்ணன். மூன்று வருஷம் தெருவில் இருந்தவர். இடையில் இரண்டு தங்குமிடங்கள், ஒரு நண்பர் வீட்டு மாடிப்படி, மறுபடியும் பேருந்து நிலையம். போன இடமெல்லாம் "முதல்ல குடியை நிறுத்திட்டு வா" என்றார்கள். நானும் அதையேதான் சொன்னேன்.

இங்கே அந்த நிபந்தனை இல்லை. முதலில் வீடு, மற்றதெல்லாம் அப்புறம். ஹவுசிங் ஃபர்ஸ்ட் என்கிறார்கள். நியூயார்க்கில் 1992-இல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கிய வழி. பின்லாந்து 2008 முதல் இதைத் தேசியத் திட்டமாகவே நடத்துகிறது. குடிக்கிற ஆளிடம் சாவியா என்று எனக்குப் பயம். ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன். கனடாவில் 2009 முதல் ஐந்து நகரங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். வழக்கமான உதவி பெற்றவர்களைவிட இந்த வழியில் வந்தவர்கள் அதிக நாள் வீட்டில் நிலைத்தார்கள். குடிப் பழக்கத்தில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. சரி, வீடாவது நிலைக்கட்டும் என்று சம்மதித்தேன்.

கேஸ் மேனேஜராக, அதாவது அண்ணனுக்கு வேண்டியதைக் கூடவே இருந்து கவனிப்பவராக, வந்த பெண் முதல் நாள் படிவமே நீட்டவில்லை. "உங்களுக்கு முதல்ல என்ன வேணும்?" என்று கேட்டார். அண்ணன், அடையாள அட்டை என்றார். அட்டைக்கு முகவரி வேண்டும், முகவரிக்கு வீடு வேண்டும், வீட்டுக்கு அட்டை வேண்டும். இந்தச் சுற்றில்தான் எங்களுக்கு மூன்று வருஷமும் போனது. அவர் வீடில்லாதவர்கள் வந்து போகும் பகல்நேர மையத்தின் முகவரிக்கே தபால் வரச் செய்து, பிறப்புச் சான்றிதழின் நகலை எழுதி வாங்கி, கவுண்டரில் அண்ணனோடு வரிசையிலும் நின்றார். ஆறு வாரத்தில் அட்டை வந்துவிட்டது. நான் ஒரு வருஷம் போனிலேயே சண்டை போட்டும் நடக்காத வேலை.

வீட்டுக்காரரை அவர்கள் பிடித்த விதமும் பிடித்திருந்தது. வாடகையில் ஒரு பகுதியைச் சேவையே நேராகக் கட்டுகிறது. ஏதாவது தகராறு என்றால் கூப்பிட ஒரே எண். இரண்டாம் மாதம் ராத்திரி சத்தம் என்று பக்கத்து வீட்டில் புகார் வந்தபோது, வீட்டுக்காரர் காலி செய் என்று சொல்லாமல் அந்த எண்ணுக்குப் போன் போட்டார். மறுநாள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். சட்ட உதவி, வேலைவாய்ப்பு மையம் எல்லாம் இதே சேவையோடு சேர்ந்துதான் இயங்குகின்றன. கட்டில், மேஜை மட்டும் மூன்று வாரம் தாமதம். அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன், அண்ணன் எப்படியும் முதல் வாரம் ஷூவைக் கழற்றாமல் கதவருகே தரையில்தான் படுத்தார்.

குறை என்று பார்த்தால், ஐந்தாம் மாதம் அந்தப் பெண் வேறு வேலைக்குப் போய்விட்டார். எங்களுக்கு ஒரு வார்த்தை இல்லை. புதிதாக வந்தவர் அண்ணனை முதலிலிருந்து முழுக் கதையையும் சொல்லச் சொன்னார். மூன்று வருஷத்தை இன்னொரு தடவை சொல்வது சும்மா இல்லை. அன்றிரவு அண்ணன் பேருந்து நிலையத்துக்கே போய்ப் படுத்துவிட்டார். போதாக்குறைக்கு, சேவையோடு கூட்டுச் சேர்ந்திருந்த மருத்துவமனை அண்ணனைப் பார்க்கிற தேதியை மாற்றி, செய்தியைப் பழைய கேஸ் மேனேஜரின் போனுக்கே அனுப்பியிருக்கிறது. அண்ணன் போகவில்லை, பட்டியலில் பெயரை அடித்துவிட்டார்கள். மறுபடி சேர்க்க இரண்டு மாதம் ஆனது. விசாரித்தால், அந்தப் பெண் கையில் இருபத்தெட்டுப் பேர் இருந்திருக்கிறார்கள். இவ்வளவு நெருக்கமாகக் கவனிக்கிற வேலையில் ஒருவருக்குப் பதினைந்து, இருபது பேரே அதிகம். ஓடிப்போனதற்கு அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, ஆள் போடாத நிர்வாகத்தைத் திட்டுகிறேன். ஒரு நட்சத்திரம் குறைந்தது அதற்குத்தான்.

சேரப் போகிறவர்கள் வீடு எப்போது கிடைக்கும் என்று கேட்பதற்கு முன், கேஸ் மேனேஜர் மாறினால் யார், எப்படிக் கைமாற்றுவார்கள் என்று கேளுங்கள். பழையவரும் புதியவரும் ஒரு தடவையாவது சேர்ந்து வீட்டுக்கு வருவார்களா என்று கேளுங்கள். மருத்துவமனைச் செய்தி உங்கள் எண்ணுக்கும் வரும்படி முதல் நாளே எழுதி வாங்குங்கள்.

அண்ணன் வீட்டுக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. குடி குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. நேற்று போன் செய்தேன். "இப்ப பேச முடியாதும்மா, மூணு மணிக்கு கேஸ் மேனேஜர் வர்றார், வீட்டைப் பெருக்கணும்" என்று வைத்துவிட்டார்.