டைனமோ போகவில்லை, 13,500 ரூபாய் போயிற்று

எட்டு ஆண்டுகளாக ஓட்டிவரும் என் காரின் செல்ஃப் கடந்த திங்கட்கிழமை காலை ‘டக் டக்’ என்று அடித்து நின்றுவிட்டதால், திருச்சியில் எல்லா கம்பெனி வண்டிகளையும் பார்க்கும் ஓர் ஒர்க்‌ஷாப்புக்கு அதைக் கட்டி இழுத்துச் சென்றேன். பேட்டரி மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அங்கிருந்த சூப்பர்வைசர் வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து எஞ்சினைக் கிளப்பினார். பிறகு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே என் பேட்டரியின் டெர்மினலைக் கழற்றினார். எஞ்சின் அந்த நொடியே அடங்கியது. “பார்த்தீங்களா சார், டைனமோ அவுட்” என்றார், அதாவது எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பாகம் போய்விட்டதாம். கண்ணெதிரே நடந்ததை எப்படி நம்பாமல் இருப்பது? சுவரில் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை அவர் தொடவில்லை, நானும் கேட்கவில்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, புது டைனமோ மாட்டி, 13,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை இரவு விராலிமலை அருகே ஹெட்லைட் மங்கி, வண்டி மறுபடியும் நின்றது. சாலையோரக் கடையிலிருந்து வந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் எஞ்சினைக் கிளப்பி, டைனமோவின் போல்ட்டில் மீட்டரை வைத்தபோது 14.3 வோல்ட் காட்டியது. பேட்டரியில் வைத்தபோது 12.1தான். இடையில் வரும் கேபிளின் லக்கை, அதாவது நுனியில் போல்ட்டோடு மாட்டும் உலோக வளையத்தை, கழற்றிக் காட்டினார்: பச்சையாகப் பூத்து, நான்கைந்து இழைகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. புது லக் அடித்து முடுக்க, கூலியோடு 350 ரூபாய். பேட்டரியில் 14.2 வந்தது. அப்படியானால் அந்த 13,500 ரூபாய் எதற்கு?

ஒர்க்‌ஷாப்பைக் கேட்டால், “கேபிள் வேற, டைனமோ வேற சார்” என்றார்கள். அடுத்த முறை ஓனர் வெளியூர் போயிருந்தார். மாட்டிய எலக்ட்ரிக்கல் சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாதாம். என் பழைய டைனமோவை ஏற்கெனவே காயலான் கடைக்குப் போட்டாயிற்றாம். இன்று அழைப்பையே எடுக்கவில்லை. 13,500 ரூபாய்க்கு என்னிடம் இருப்பது கையால் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு மட்டுமே.

விரிவாக எழுத எண்ணியிருந்தேன். இப்போது பொறுமை இல்லை. நல்ல பேட்டரி, எஞ்சின் ஓடாதபோது ஏறக்குறைய 12.6 வோல்ட்டும், ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரையும் காட்ட வேண்டும். ஹெட்லைட்டும் ஏசியும் போட்டும் பாருங்கள். டைனமோவிலும் பேட்டரியிலும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். ஓடும் எஞ்சினில் டெர்மினலைக் கழற்ற விடாதீர்கள். வோல்டேஜ் எகிறி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ எரிந்துபோகலாம். பழைய பொருளும் பில்லும் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.